கண்ணப்பன் சொன்ன ஆழம்

எங்கள் வீட்டுக்காரர் கண்ணப்பனுக்கு இரண்டு வேலைகள் கைவந்தவை. ஒன்று, தண்ணீரைப் பார்த்து ஆழம் சொல்வது. மற்றொன்று, இரும்பைப் பற்றவைப்பது. ஒரகடம் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் இரண்டிலும் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது. அந்த இரண்டு வேலையும் தனித்தனியாக இருந்தவரை எங்களுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. 1977இல் ஒரு படகு வந்து இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தது.

முதலில் தண்ணீரைச் சொல்கிறேன். எங்கள் ஊர் ஏரிக்கு மதகு திறந்து மூடுவது அவர் குடும்பத்தின் பொறுப்பு. ஏரியின் அடித்தரை முழுக்க அவருக்கு மனப்பாடம். அடி, அங்குலம் எல்லாம் அவர் வாயில் வராது. முழங்கால், இடுப்பு, மார்பு, ஓராள், இரண்டாள், அவ்வளவுதான் அவர் கணக்கு. கரையில் நின்றபடியே, "அங்க மாட்ட எறக்காத, ரெண்டாள் போவும்" என்பார். ஊரில் யாரும் அவர் சொன்ன ஆழத்தில் இறங்கிச் சோதித்துப் பார்த்ததில்லை.

இரும்பு பின்னால் வந்தது. பாண்டுரங்கன் என்கிற சென்னைக்காரர் ஒரகடம் சாலையில் தகர ஷெட் போட்டு, தண்ணீர்த் தொட்டியும் லாரி பாடியும் செய்கிற கம்பெனி ஆரம்பித்தார். இவரும் இவருடைய தங்கை செங்கமலத்தின் புருஷன் பலராமனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பலராமன் சுங்குவார்சத்திரத்துக்காரர். ஒரு நாளைக்கு எட்டு டீ குடிப்பார், எட்டு வார்த்தை பேசமாட்டார். ஏரிக்கரை ஊரில் பெண்ணெடுத்தும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கினவர் இல்லை. நீச்சல் கற்றுக்கொள்ளச் சொன்னால், "மச்சான் கீறப்ப எனக்கு இன்னாத்துக்கு நீச்சலு" என்று சிரிப்பார். மச்சான் எது சொன்னாலும் அவருக்கு அதுதான் வேதம். அதைப் பார்க்க எனக்கே சில சமயம் எரிச்சலாக வரும். தாலி கட்டிக்கொண்ட நான்கூட அந்த மனுஷனை அவ்வளவு நம்பவில்லை.

1977 சித்திரையில் முதலாளி ஷெட்டின் பின்பக்கம் ஒரு பாய்மரப் படகு கட்டத் தொடங்கினார். பம்பாயில் படித்த காலத்தில் ஓட்டிப் பழகினாராம். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடப் பாதிப் பேருக்குத் தெரியாத ஊரில், லாரி பாடிகளுக்கு நடுவில் ஓர் இரும்புப் படகு வளர்ந்தது. ஷிஃப்ட் முடிந்த பிறகு ஓ.டி. போட்டு இவரும் பலராமனும்தான் பற்றவைத்தார்கள். நானும் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். நம் பக்கத்துப் படகுக்கு அடி தட்டையாக இருக்கும். இதற்கோ வயிற்றுக்குக் கீழே ஓர் இரும்புப் பலகை செங்குத்தாகத் தொங்கியது. உள்ளே ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருந்தார்கள். ஷெட்டில் எல்லோரும் அதைக் கத்தி என்றே சொன்னார்கள்.

காற்று பாயைத் தள்ளும்போது படகு கவிழாமல் இருக்க அந்தக் கனம் வேண்டும் என்று முதலாளி விளக்கியிருக்கிறார். அப்படியானால் தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று இவர் கேட்டார். ஆறடிக்குக் குறையக் கூடாது என்றார் முதலாளி.

"ஓராள்" என்று இவர் பலராமனுக்கு அதைத் தமிழ்ப்படுத்தினார்.

"ஓராளுக்குக் கொறஞ்சா, மச்சான்?"

"மணல்ல நட்டுக்கும். அப்புறம் காத்து சொல்றதுதான் கணக்கு."

இதை வீட்டுக்கு வந்து சோறு தின்றபடி சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அந்தக் கத்தியின் நினைப்பு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

புரட்டாசி கடைசியில் படகை லாரியில் ஏற்றிச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், கிரேன் வைத்து இறக்கினார்கள். அங்கிருந்து கரையோரமாகவே வடக்கே போய், பழவேற்காடு ஏரிக்குள் நுழைந்து, இரண்டு நாள் தங்கித் திரும்புவது முதலாளியின் திட்டம். கூட வருவதாக இருந்த பட்டணத்து சிநேகிதர்கள் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார்கள். அவர்களுக்குப் புத்தி இருந்திருக்கிறது. ஆழம் பார்க்கக் கண்ணப்பனும், கயிறு இழுக்கவும் உள்ளே சேரும் தண்ணீரை இறைக்கவும் இன்னொரு ஆளும் போதும் என்று முதலாளி முடிவு செய்தார். அந்த இன்னொரு ஆளாகப் பலராமன் பெயரைச் சொன்னது இவர்தான்.

அப்போது செங்கமலம் ஐந்து மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டான பிள்ளை. அவள் எங்கள் வாசலுக்கு வந்து நின்றுகொண்டே பேசினாள்.

"அண்ணா, அவுருக்கு நீச்சல் தெரியாதுன்னு உனுக்குத் தெரியுமில்ல?"

"நான் கூட இருக்கறப்ப அவனுக்கு இன்னா ஆவப் போவுது? கரைய ஒட்டியேதான் போறோம். எறங்கி நடந்தே வந்துரலாம்."

"எப்டி இட்டுகினு போறியோ அப்டியே இட்டாந்து வுட்டுடு. எனக்கு வேற ஒண்ணும் வாணாம்."

"வுட்டுடறேன், போ" என்றார் இவர்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதெல்லாம் இவர் சொல்லிக் கேட்டதுதான். ஏழு வருஷம் என் ஒருத்தியிடம் மட்டுமே சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் சொன்னார், எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

முதல் நாளே படகின் கத்தி இரண்டு தரம் மணலை உரசியது. கரை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. அதற்காகப் படகைக் கலங்கல் தண்ணீரிலேயே ஓட்டினார். இவர் முன்மூக்கில் உட்கார்ந்து, நீண்ட மூங்கில் கழியை இறக்கி இறக்கிப் பார்த்து, "ஓராள்... ஓராளுக்கு ஒரு சாண் மேல... ரெண்டாள்" என்று கத்திக்கொண்டே வந்தார்.

"அடியில சொல்லு, கண்ணப்பா" என்று முதலாளி பின்னாலிருந்து சத்தம் போட்டார். சுக்கான் அவர் கையில் இருந்தது.

"அடியில சொன்னா எனக்கே புரியாதுங்க."

உரசியபோது படகு முழுக்கத் தகரத்தைச் சுரண்டுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். கீழே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பலராமன் வெளியே எட்டிப் பார்த்து, "இன்னா மச்சான் அது?" என்றார். "ஒண்ணுமில்ல மாப்ள, மணலு" என்றார் இவர். பலராமன் தலையாட்டிவிட்டு மறுபடி இறைக்கப் போய்விட்டார்.

பழவேற்காட்டு முகத்துவாரத்தில் மண்ணாங்கட்டி என்கிற மீனவர் முன்னால் தன் படகில் போய் வழி காட்டினார். கடல் தண்ணீர் உள்ளே ஏறுகிற நேரம் பார்த்து, மணல் திட்டுகளுக்கு நடுவே வளைத்து வளைத்து அழைத்துப் போனார். இவர் அந்த வளைவுகளையெல்லாம் மனதில் குறித்துக்கொண்டார். உள்ளே போய்ச் சேர்ந்ததும், "இதுவும் ஒரு ஏரிதான், நம்மூர் ஏரிய விட கொஞ்சம் பெருசு" என்று பலராமனிடம் சொல்லியிருக்கிறார். அந்தத் திமிரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நம்மூர் ஏரியில் மதகைத் திறந்தால்தான் தண்ணீர் இறங்கும், அதன் மண் ஒரு மழைக்காலம் முழுக்க இருந்த இடத்தில் இருக்கும். பழவேற்காட்டிலோ தண்ணீர் ஒரு நாளில் இரண்டு தரம் ஏறி இறங்குகிறது. மணல் தன் இஷ்டத்துக்கு இடம் மாறுகிறது.

இரண்டாம் நாள் வாடைக் காற்று கிளம்பியது. வடகிழக்கே வானம் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. முகத்துவாரத்தில் அலை உடையும் சத்தம் ஏரிக்குள்ளேயே கேட்டதாம். மீனவர்கள் படகுகளைக் கரையில் ஏற்றிக் கட்டினார்கள். மறுநாள் காலையில் கிளம்ப வேண்டும், வழி காட்டு என்று முதலாளி கேட்டதற்கு மண்ணாங்கட்டி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"மூணு நாளு பொறுங்க சார். பௌர்ணமி தாண்டட்டும், காத்து அடங்கட்டும். நீங்க வந்த வழி இப்போ அங்க கீதான்னே எனக்குத் தெரியாது. இந்தக் காத்துக்கு மணலு நவுந்துகினே கெடக்கும்."

முதலாளிக்குப் பம்பாயிலிருந்து யாரோ ஆர்டர் கொடுக்க வருகிறார்கள், மறுநாள் சென்னையில் இருந்தாக வேண்டும். பஸ் பிடித்துப் போயிருக்கலாம். படகை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. மறுநாள் விடிந்ததும் இவரைக் கூப்பிட்டார்.

"வர்றப்ப அளந்துகிட்டே வந்தியே கண்ணப்பா, வழி ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க" என்றார் இவர்.

ஞாபகம் இல்லை என்றிருந்தால் யாரும் அவர் தலையைச் சீவியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு தரமாவது தண்ணீர் விஷயத்தில் தெரியாது என்று சொல்லிப் பழக்கம் வேண்டுமே. அந்த மனுஷனுக்கு அது கிடையாது. பலராமன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து டீ கிடைக்காத முகத்தோடு இருந்தவர், மச்சான் சொன்ன பதிலைக் கேட்டதும் தெளிந்துபோய்க் கயிறுகளை அவிழ்க்கப் போனார்.

வெளியே போகும்போது தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. இழுப்பு படகைக் கடலைப் பார்த்துத் தள்ளியது, காற்று எதிரே அடித்தது. முதல் வளைவு சரியாக இருந்தது. இரண்டாவது வளைவில் இவர் இறக்கிய கழி சேற்றில் மாட்டிக்கொண்டது. இழுப்பதற்குள் படகு முன்னால் போய்விட, கழி முறிந்து பாதி கையோடு வந்தது. இனி கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். திரும்பலாம் என்றால் இழுப்பு விடவில்லை. மூன்றாவது வளைவு இருக்க வேண்டிய இடத்தில் வளைவே இல்லை. முன்னால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம் முழுக்கக் கலங்கலும் நுரையும். இடது பக்கம் தண்ணீர் கொஞ்சம் அமைதியாகத் தெரிந்தது. அங்கே வரிசையாக மூன்று கம்புகள் நட்டிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பனையோலை கட்டியிருந்தது. உள்ளே வந்த அன்று அவை அங்கே இல்லை.

எங்கள் ஊரில் கோடையில் ஏரி வற்றியதும் வயலுக்கு வண்டல் வெட்டி எடுப்பார்கள். வெட்டின குழிகளில் மழைக்குப் பிறகு தண்ணீர் நின்றால் குழி எது, தரை எது என்று தெரியாது. மாடோ பிள்ளைகளோ இறங்கிவிடக் கூடாது என்பதற்காகக் குழியோரம் ஒரு கம்பு நட்டு ஓலை கட்டுவார்கள். கட்டுவது இவர் குடும்பம்தான். ஓலை கட்டிய கம்பைப் பார்த்தால் எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், அங்கே ஆளை முழுங்குகிற பள்ளம் என்று. ஏரிக்காரனுக்கு ஆபத்து என்றால் ஆழம்தான். அந்தப் படகுக்கு வேண்டியதும் ஆழம்தான். இவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"லெஃப்ட்ல வுடுங்க. கம்பு ஓரமாவே வுடுங்க. ரெண்டாள் ஆழம் கீது" என்று முழுக் குரலில் கத்தினார்.

முதலாளி சுக்கானைத் திருப்பினார். இரண்டு கம்பைத் தாண்டியிருப்பார்கள். உரசல் சத்தம்கூட இல்லை, ஒரே இடி. கத்தி மணலில் இறங்கிவிட்டது. அடுத்த அலை படகைப் பக்கவாட்டில் அடித்து, திட்டின் மேல் இன்னும் ஏற்றிச் சாய்த்தது. பாய் தண்ணீரைத் தொட்டது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பலராமன் சாய்ந்த பக்கமாகவே விழுந்தார்.

இவர் உடனே குதித்தார். கால் தரையில் பட்டது. தண்ணீர் மார்பளவுதான் இருந்தது.

பலராமன் ஆறேழு கஜ தூரத்தில் இருந்தார். கையையும் காலையும் அடித்துக்கொண்டு, தலையை மேலே தூக்கித் தூக்கி, "மச்சான், மச்சான்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காலைக் கீழே வைத்திருந்தால் நின்றிருக்கலாம். அவர் வைக்கவில்லை. கீழே இரண்டாள் ஆழம் என்று மச்சான் சொல்லியிருந்தாரே. இவர் அலைச்சத்தத்துக்கு மேல் கத்தியிருக்கிறார். "காலக் கீழ வைடா, நில்லுடா, மார்பளவுதான்டா" என்று கத்திக்கொண்டே தண்ணீரில் நடந்திருக்கிறார். வாய்க்குள் தண்ணீர் போய்க்கொண்டிருந்தவர் காதில் அது விழுந்ததோ என்னவோ. இழுப்பு அவரைத் திட்டை விட்டு நகர்த்தி, நுரையாகத் தெரிந்த வலது பக்கத்து ஓட்டத்துக்குள் கொண்டுபோய்விட்டது. உண்மையான ஆழம் அங்கேதான் இருந்தது. இவர் பின்னாலேயே பாய்ந்து நீந்தினார். இரண்டு முறை தலை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

மீனவர்கள் உயிரைப் பணயம் வைத்து வந்து முதலாளியையும் இவரையும் கரை சேர்த்தார்கள். மண்ணாங்கட்டி இவர் தோளைப் பிடித்துக் கேட்டாராம்: "மேடு எழும்பிடுச்சு, இந்தப் பக்கம் வராதீங்கன்னு தானய்யா நேத்து உங்களாண்ட பேசினப்புறம் போயி ஓல கட்டினு வந்தோம். கம்பப் பாக்கல நீ?" பார்த்தேன் என்று இவர் சொன்னார்.

மறுநாள் உடல் தெற்கே கரை ஒதுங்கியது. போலீசுக்கு எழுதிக் கொடுக்கிறதற்கு முன்னால் முதலாளி இவரைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசினார். பலராமன் கள் குடித்துவிட்டு, சொன்ன பேச்சைக் கேட்காமல் குளிக்கக் குதித்தான் என்று எழுதலாம் என்றார். "இல்லன்னா யார் வழி சொன்னதுன்னு கேப்பான். நீதான் சொன்னே. நான் உன்ன நம்பித்தான் திருப்பினேன். யோசிச்சுக்க." இவர் அதிகம் யோசிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கம்பெனி வேனில் பலராமனைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அண்ணன் என்ன சொல்லப்போகிறான் என்று செங்கமலம் அவர் முகத்தையே பார்த்தாள். இவர் திரும்பி வேன் கதவைச் சாத்தினார். கூட வந்த சூப்பர்வைசர்தான் சொன்னார், கொஞ்சம் குடிச்சிருந்தாரும்மா, சொல்லச் சொல்லக் கேக்காம குதிச்சிட்டாரு என்று. செங்கமலம் அழுதுகொண்டிருந்தவள் ஒரு நொடி அழுகையை நிறுத்திவிட்டு, "அவரா?" என்று கேட்டாள்.

காரியம் முடிந்த வாரத்தில் இவர் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். தங்கையிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னார். வேண்டாம் என்று தடுத்தவள் நான்தான். வேலை போய்விடும், ஜெயிலில் போடுவார்கள், வயிற்றுப் பிள்ளைக்காரி எப்படித் தாங்குவாள் என்று அடுக்கினேன். உண்மையில் எனக்கு என் வீடு கலையக் கூடாது, அவ்வளவுதான். அதை இன்றைக்குத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பிறகு இவர் தண்ணீரைப் பற்றிப் பேசுவதில்லை. மதகுப் பொறுப்பைச் சித்தப்பா வீட்டுக்கு விட்டுக்கொடுத்தார். ஆழம் கேட்டு வருகிறவர்களிடம், "நீயே எறங்கிப் பாத்துக்கோ" என்று எரிந்து விழுவார். செங்கமலத்துக்குப் பெண் பிறந்தது. ரத்னா என்று பெயர் வைத்தாள். அரிசி, துணி, பள்ளிக்கூடப் பை என்று எல்லாம் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். என் அண்ணன் மாதிரி உண்டா என்று செங்கமலம் தெருவெல்லாம் சொல்லுவாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் இவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். புருஷன் பேச்சை யாராவது எடுத்தால் அவள் அவரைத் திட்டிவிட்டு எழுந்து போய்விடுவாள். கட்டிக்கொண்டவள் ஐந்து மாதமாக இருக்கும்போது குடித்துவிட்டு விளையாடப் போய்ச் செத்தவன் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவளும் அதை நம்பிவிட்டாள்.

1985 தை மாதத்தில் ஒரு சாயங்காலம் நாங்கள் இருவரும் அவள் வீட்டுக்குப் போயிருந்தோம். ரத்னா எதற்கோ அடம் பிடித்துச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. செங்கமலம் அவள் முதுகில் ஒன்று வைத்து, "குடிகாரன் பெத்தது எப்டி இருக்கும்? உங்கப்பனும் இப்டித்தான் யாரு பேச்சயும் கேக்காம போய்ச் சேந்தான்" என்றாள்.

இவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். நான் அவர் தொடையில் கை வைத்து அழுத்தினேன். கையை எடுத்துவிட்டார்.

"அவன் குடிக்கல, செங்கமலம்" என்றார். "நான் பேசின பேச்சக் கேட்டுத்தான் செத்தான்."

கம்பு, ஓலை, இரண்டாள் ஆழம், மார்பளவுத் தண்ணீர், கையெழுத்து எல்லாவற்றையும் சொன்னார். அழவில்லை, நிறுத்தவும் இல்லை. செங்கமலம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு முழுக்கக் கேட்டாள். ரத்னாவைப் பக்கத்தில் இழுத்து, அடித்த முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கும் முன்பே எல்லாம் தெரியும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது தெரிந்தது.

"ஆழம் தெரியாம சொல்லிட்ட. அதுக்கு உன்ன நான் ஒண்ணும் கேக்கல, அண்ணா" என்றாள். "கையெழுத்து தெரிஞ்சுதானே போட்ட?"

இவர் தலையை ஆட்டினார்.

"ஏழு வருசமா அந்த மனுசன நான் திட்டினு இருந்தேன். நீ எதிர்ல குந்திகினு கேட்டுகினு இருந்த."

உள்ளே போய்ப் பள்ளிக்கூடப் பையை எடுத்துவந்தாள். புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்து வைத்துவிட்டு, வெறும் பையை இவர் மடியில் போட்டாள். பிறகு மகளிடம் திரும்பி, "உங்கப்பா குடிக்க மாட்டாரு. டீதான் குடிப்பாரு" என்றாள்.